வெயிங் மெஷினை வார்டனிடம் கொடுத்துவிடு, மக்களே

அன்புள்ள மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் ரெண்டு விஷயம் சொன்னாய். நாலு கிலோ குறைத்துவிட்டேன் என்பதைச் சந்தோஷமாகச் சொன்னாய். மூன்று மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை என்பதை அப்பா எழுந்துபோன பிறகு, பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். "சைக்கிள் ட்ரெயினிங் கூடுனா எல்லாருக்கும் அப்படித்தாம்மா" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் சண்டை வந்திருக்கும், நீ போனை வைத்திருப்பாய். அதனால்தான் கடிதம்.

காலேஜில் நான் 800 மீட்டர் ஓடியது உனக்குத் தெரியும். ஏன் விட்டேன் என்று கேட்டால் கல்யாணம் பேசினார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். மெலிந்தால் வேகம் கூடும் என்று நம்பி, காலையில் ஒரு கட்டன் சாயா, மதியம் பாதிச் சோறு என்று ஓட்டினேன். ஐந்து மாதம் பீரியட்ஸ் வரவில்லை. மைதானத்தில் தொந்தரவு இல்லையே என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒருநாள் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல். வைத்தியம் பார்த்தவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், பயிற்சியாளர் காலண்டரைப் பார்த்தார். மாதாமாதம் வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் வெட்கம்.

இப்போது அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ரெட்-எஸ் என்று வைத்தது, விளையாடுகிறவர்களுக்கு வரும் சக்திப் பற்றாக்குறை என்று அர்த்தம். பயிற்சிக்குப் போக மிஞ்சுகிற சாப்பாடு போதாவிட்டால், உடம்பு முதலில் தள்ளிப்போடக்கூடிய செலவுகளை நிறுத்துகிறது. பீரியட்ஸ் அதில் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் இறங்கினால் எலும்பும் தேயும். ஓடுகிறவர்களுக்காவது தரை எலும்பைத் தட்டித் தட்டிக் கொஞ்சம் உறுதியாக்கும். சைக்கிளில் அதுவும் கிடையாது. வாரம் ரெண்டு நாள் ஸ்குவாட் போடு என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிரிக்காதே. உன் 50 கிலோவில் கொழுப்பைக் கழித்தால் 42 வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 45 கலோரி மிஞ்சினால் நல்லது, 30-க்குக் கீழே போனால் ஆபத்து. அதாவது, சைக்கிளுக்குச் செலவானது போக, நாளைக்கு 1,890 மிஞ்ச வேண்டும். நீ மிதிக்கிற பலத்தை அளக்கிற உன் பவர் மீட்டரில் 1,500 கிலோஜூல் என்று வந்தால் ஏறக்குறைய 1,500 கலோரி எரித்திருக்கிறாய் என்று கொள்ளலாம். நீ சொன்ன ஓட்ஸ், ரெண்டு சப்பாத்தி, பருப்பு, முட்டை எல்லாம் சேர்த்தாலும் 1,800 தாண்டாது. மிச்சம் 300. கிலோவுக்கு 7. பச்சைக் குழந்தைக்குக்கூடக் காணாது.

சரி, எடை குறைந்தால் வாட்ஸ்-பெர்-கிலோ, அதாவது ஒரு கிலோ எடைக்கு மிதிக்கிற பலம், ஏறும் என்பாய். பேச்சிப்பாறைக்கு மேலே மலை ஏறுகிறவளுக்கு அந்தக் கணக்கு. நீ ஓட்டுவது 250 மீட்டர் வெலோட்ரோம், சுற்றிச் சுற்றி வருகிற சைக்கிள் பந்தயத் தளம். அதில் ஏற்றம் எங்கே இருக்கிறது? அந்த வேகத்தில் உன் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட, பலத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். பட்டினி கிடந்து அந்தப் பலத்தை எங்கிருந்து கொண்டுவருவாய்? ஆரல்வாய்மொழி ஞாபகம் இருக்கிறதா? ஆடிக்காற்று பின்னாலிருந்து தள்ள முப்பந்தல் வரை பறந்து போனாய். திரும்பும்போது காற்றாலைகளெல்லாம் சுற்ற, நீ நின்ற இடத்திலேயே மிதிப்பதுபோல இருந்தது. தோவாளை வந்து சேருவதற்குள் முழங்கையை ஒடுக்கி, தலையைத் தாழ்த்த நீயாகவே கற்றுக்கொண்டாய். அன்று நீ 55 கிலோ. காலையில் புட்டும் பயறும் பப்படமும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனவள்.

ஓட்டும்போதும் சாப்பிடு. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராமுக்கு மேல் எடுக்காது. பிரக்டோஸ் என்கிற பழச் சர்க்கரைக்குக் குடலில் வேறு வாசல். ரெண்டும் கலந்தால் 90 வரை போகலாம். நம் மார்த்தாண்டம் தேனில் ரெண்டும் இருக்கிறது, பிரக்டோஸ் கொஞ்சம் தூக்கல். அதனால் தேனை மட்டும் குடிக்காமல் கஞ்சித்தண்ணியில் உப்போடு கலக்கு. ஒரு பெரிய ஸ்பூன் தேனில் 17 கிராம் போல இனிப்பு. நீளமான பயிற்சி நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. போட்டியன்று முதல்முறையாகக் குடித்தால் வயிறு கலக்கிவிடும்.

அப்பா ஒரு விஷயம் எழுதச் சொன்னார். முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது என்றாயே, புது ஷூவின் அடி தடிமனா என்று கேட்கிறார். அடி தடித்தால் சீட் இறங்கியதுபோலத்தான். பெடல் கீழே இருக்கும்போது குதிங்காலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டுமாம். ரெண்டு ரெண்டு மில்லிமீட்டராக ஏற்று, ஒரேயடியாக ஏற்றாதே. பின்பக்கம் வலித்தால் அதிகம் ஏற்றிவிட்டாய் என்று அர்த்தம். சைக்கிள் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதைத்தான் உனக்கும் சொல்கிறார்.

இந்த வாரமே லேடி டாக்டரைப் பார். முதலில் கர்ப்பமா என்று டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், எல்லாரிடமும் கேட்பதுதான், கோபப்படாதே. தைராய்டு, பெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு), விட்டமின் டி பார்க்கச் சொல். மாத்திரை போட்டு வரவைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. மாத்திரையால் ரத்தம் வரும், ஆனால் சாப்பாட்டுக் குறை அப்படியே கிடக்கும். வெட்கமாக இருந்தால் என்னைப் போனில் போடு, நான் பேசுகிறேன்.

பார்சலில் தேன் ரெண்டு பாட்டில், கருப்பட்டி, ஏத்தங்காய் சிப்ஸ், கருவாடு இருக்கிறது. கருவாட்டை மூன்று கவரில் கட்டியிருக்கிறேன், ரூமில் சண்டை வேண்டாம். மட்டிப் பழம் போகும் வழியிலேயே கனிந்துவிடும் என்று வைக்கவில்லை. தேன் மூடியில் அப்பா டேப் சுற்றியிருக்கிறார். கசிந்திருந்தால் சொல்.

அம்மா