சமையலறை மேஜையில் தொடங்கிய கம்பெனி

அன்புள்ள கல்பனா,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம்.

யாழினி கேம் டிசைன் படிக்க ஆசைப்படுகிறாள், ஆனால் வீட்டுப் பெரியவர்கள் "அதெல்லாம் பையன்கள் சமாச்சாரம்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து உனக்கு ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு உருவாக்கிய பெண்ணைப் பற்றிச் சொல்லியே தீர வேண்டும் என்றிருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

1979-இல் ராபர்ட்டாவுக்கு 26 வயது. கலிஃபோர்னியாவில் சிமி வேலி என்ற ஊரில் வீடு, இரண்டு ஆண் குழந்தைகள், சின்னவன் கைக்குழந்தை. கணவர் கென் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு புரோகிராம் எழுதுபவர். அவர் வேலைக்காக வீட்டில் வைத்திருந்த டெலிடைப் கருவியில் 'கொலாசல் கேவ்' என்ற விளையாட்டு அகப்பட்டது. படம் இல்லை, திரைகூட இல்லை. குகைக்குள் நீ எங்கே நிற்கிறாய் என்று தாளில் அச்சாகி வரும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நீ தட்ட வேண்டும். அவ்வளவுதான். ராபர்ட்டா அதில் முழுகிப்போனார். முடித்த பிறகு அதேபோல் வேறு தேடினார், இருந்த கொஞ்சமும் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. சரி, நாமே ஒன்று செய்வோம் என்று சமையலறை மேஜையில் பெரிய தாளை விரித்துக் கதை எழுத உட்கார்ந்துவிட்டார்.

பழைய பெரிய வீடு, உள்ளே ஏழு பேர், ஒவ்வொருவராகச் செத்து விழுகிறார்கள், கொலையாளி யார்? இதுதான் 'மிஸ்டரி ஹவுஸ்'. அதோடு நின்றிருந்தால் பத்தோடு பதினொன்று. எல்லா இடத்துக்கும் படம் வேண்டும் என்று ராபர்ட்டா பிடிவாதம் பிடித்ததுதான் வரலாறு. அவர்களிடம் இருந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் முழுத்திரைப் படம் ஒன்றுக்கு 8 கேபி இடம் வேண்டும். அவர் கேட்டதோ சுமார் 70 படங்கள். விளையாட்டைப் பதிந்து விற்கும் ஃபிளாப்பித் தட்டு ஒன்றில் 150 கேபிகூடக் கொள்ளாது. கென் என்ன செய்தார் தெரியுமா? படத்தைச் சேமிக்கவில்லை, வரைந்த விதத்தைச் சேமித்தார். இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு, அங்கிருந்து இன்னொன்று என்று. விளையாடுபவர் அறைக்குள் நுழையும்போது கம்ப்யூட்டர் அந்தக் கோடுகளைத் திரும்பப் போட்டுக் காட்டும். ராபர்ட்டா தாளில் வரைந்ததை ஒரு பலகையின்மேல் வைத்து, மடங்கும் கை ஒன்றை ஒவ்வொரு கோட்டின்மேலும் நகர்த்தி உள்ளே ஏற்றினார். வெறும் கோட்டுப் படங்கள்தான், ஆட்கள் சின்னப் பிள்ளைகள் வரைந்தது மாதிரி இருப்பார்கள். ஆனாலும் வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தோடு வந்த முதல் சாகச விளையாட்டு என்றால் இதைத்தான் சொல்கிறார்கள்.

1980 மே மாதம் விற்பனைக்கு வந்தது. விலை 24.95 டாலர். பெட்டியெல்லாம் கிடையாது, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் ஒரு ஃபிளாப்பி, ஓர் அச்சுத் தாள். ஆர்டர் கேட்டும், மாட்டிக்கொண்டேன் வழி சொல்லுங்கள் என்று கேட்டும் வீட்டுக்கே போன் வந்துகொண்டிருந்ததாம். 10,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்தப் பணத்தில் யோசெமிட்டி மலைப்பக்கம் குடிபோனார்கள். ஓக்ஹர்ஸ்ட் என்ற சின்ன ஊரில் கம்பெனி வளர்ந்தது. அதற்கு முதலில் வைத்திருந்த ஆன்-லைன் சிஸ்டம்ஸ் என்ற பெயரும் சியரா ஆன்-லைன் என்று மாறியது.

1983-இல் வீடியோ கேம் சந்தை சரிந்தபோது சியராவும் கிட்டத்தட்ட மூழ்கிவிட்டது. கைகொடுத்தது ஐபிஎம். அவர்கள் கொண்டுவரவிருந்த பிசி ஜூனியர் என்ற கம்ப்யூட்டருக்காக ராபர்ட்டா செய்த 'கிங்ஸ் க்வெஸ்ட்' 1984-இல் வந்தது. கதாநாயகன் மரத்துக்குப் பின்னால் போனால் மறைவான், முன்னால் வந்தால் தெரிவான். இன்று இது ஒரு விஷயமே இல்லை, அன்று வாய் பிளந்து பார்த்தார்கள். பிசி ஜூனியர் படுத்துவிட்டது, ஆனால் டாண்டி 1000 கம்ப்யூட்டரிலும் ஆட்டம் ஓடியதால் சியரா பிழைத்தது. யாழினியிடம் 'கிங்ஸ் க்வெஸ்ட்' நான்காம் பாகத்தைக் கட்டாயம் சொல். 1988-இல் வந்தது, கதையின் நாயகி ரோஸெல்லா என்ற இளவரசி. சண்டைபோட்டு மீட்கப்பட வேண்டியவள் இல்லை, அப்பாவைக் காப்பாற்றக் கிளம்புகிறவள்.

ராபர்ட்டாவின் புதிர்கள் சில அநியாயத்துக்குக் கடினம். முதல் பாகத்தில் ஒரு குள்ளனின் பெயரைக் கண்டுபிடிக்க எழுத்து வரிசையையே தலைகீழாக மாற்றிப்போட்டுப் பார்க்க வேண்டும். யாருக்குத் தோன்றும்! ஆனாலும் அடுத்த அறையில் என்ன இருக்கும் என்ற ஆவலை அவர்போல் கிளப்பியவர் குறைவு என்பேன்.

அப்புறம் நடந்ததை எழுதவே மனசு வரவில்லை. 1996-இல் சியுசி என்ற கம்பெனி சியராவைச் சுமார் 100 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்கியது. உறுப்பினர் சந்தா வாங்கிக்கொண்டு தள்ளுபடியில் பொருள் விற்கிறவர்கள், விளையாட்டுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? 1998-இல் அவர்களுடைய கணக்கே பொய் என்று வெளிவந்தது. தலைவராக இருந்த வால்டர் ஃபோர்ப்ஸுக்குப் பின்னாளில் 12 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. அதற்குள் சியரா வேறு கைக்குப் போய், 1999 பிப்ரவரி 22-ஆம் தேதி ஓக்ஹர்ஸ்ட் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். சில ஆயிரம் பேரே வசிக்கும் ஊரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. அதற்குச் சில மாதம் முன்புதான் சியரா முத்திரையோடு 'ஹாஃப்-லைஃப்' என்ற விளையாட்டு வெளிவந்து சக்கைபோடு போட்டது. ஆட்டம் விற்காமல் விழுந்த கம்பெனி இல்லை கல்பனா, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கென்னும் ராபர்ட்டாவும் ரொம்ப வருடம் படகில் ஊர் சுற்றிவிட்டு, 2023-இல் திரும்ப வந்து ஒரு விளையாட்டு வெளியிட்டார்கள். என்ன தெரியுமா? அதே 'கொலாசல் கேவ்', இந்த முறை முழுக்கப் படத்தோடு.

'மிஸ்டரி ஹவுஸ்' இப்போது இலவசம், 1987-இலேயே சியரா அதைப் பொதுவுடைமை ஆக்கிவிட்டது. யாழினியை விளையாடிப் பார்க்கச் சொல். இரண்டு வார்த்தைக்கு மேல் தட்டினால் அதற்குப் புரியாது என்றும் சொல்லிவை. வீட்டுப் பெரியவர்களிடம் நானே வந்து பேசுகிறேன், தை மாதம் அந்தப் பக்கம் வர வேண்டியிருக்கிறது. சேர்க்கைக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
மீனா