முன்பு கட்டியதை முதலில் திறந்து பாருங்கள்

கம்போடியக் கிராமப் பள்ளிகளுக்கு மாணவர்களைச் சேவைப் பயணம் அழைத்துச் செல்லும் சிங்கப்பூர் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளின் குடிநீர், கழிப்பறை வேலைகளைக் கவனிப்பவர்கள் நாங்கள். உங்கள் அடுத்த பயணத்துக்கு ஒரு வேண்டுகோள்: புதிதாக எதையும் கட்டாதீர்கள். முன்பு வந்த குழுக்கள் விட்டுச்சென்றவற்றைச் சோதித்துச் சரிசெய்வதையே பயணத்தின் முழு வேலையாக வையுங்கள். சுவருக்கு வண்ணம் பூசுவதைவிட இதில் மாணவர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மணல் வடிகட்டியிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் ஓடி நின்றதும் மணலுக்கு மேல் சுமார் 5 செ.மீ. நீர் நிற்க வேண்டும். மேல்மணலில் வாழும் நுண்ணுயிர்ப் படலமே கிருமிகளை அழிக்கிறது. அது உருவாக ஏறக்குறைய 30 நாள் ஆகும். நீர் அதிகமாக நின்றால் அதற்குப் பிராணவாயு போய்ச் சேராது. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: தண்ணீர் வீணாகக் கூடாதென்று வெளியேறும் குழாயில் யாராவது ஒரு திருகுக்குழாயை மாட்டிவிடுவார்கள். மூடியதும் உள்ளே நீர் உயர்ந்து நிற்கும், படலம் செத்துப்போகும். அதைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்து, வடிகட்டியை விளிம்புவரை நிரப்பி, 1 லிட்டர் புட்டி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். இரண்டரை நிமிடத்துக்கு முன்பே நிறைந்தால் ஓட்டம் மிக வேகம், மணல் சரியில்லை. சொட்டுச் சொட்டாக வந்தால் மேல்மணல் அடைத்திருக்கிறது. உள்ளங்கையால் மேலோட்டமாகக் கலக்கி, கலங்கிய நீரைக் குவளையால் அள்ளிக் கொட்டினால் போதும். மணலை ஆழமாகத் தோண்டக் கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் புதுநீர் ஊற்றாமல் விட்டாலும் படலம் பட்டினியில் சாகும். ஆகவே விடுமுறையில் தினமும் யார் ஊற்றுவார் என்பதைத் தலைமையாசிரியரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

மழைநீர்த் தொட்டிக்கு வெறும் கணக்கு போதும். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வேண்டும். 200 பேர் படித்தால் 10,000 லிட்டர் தொட்டி பத்தே நாளில் காலி. வறட்சியோ நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீளும்! அதனால் தொட்டி நீரைக் குடிக்க மட்டும் ஒதுக்குவதா என்று பள்ளியுடன் பேசுங்கள். ஒவ்வொரு மழையின் தொடக்கத்திலும் கூரையிலிருந்து வரும் அழுக்குநீரைப் பிடிக்கும் குழாயின் அடித்துளை அடைத்திருந்தால் அது நிரம்பியே கிடக்கும். அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குள் போகும்.

அடிபம்பு இருந்தால், குறிப்பாக ‘கண்டால்’ (Kandal) என்ற மாகாணம் போன்ற மேகாங் ஆற்றின் கரையோரங்களில், ஆர்சனிக் சோதனை இல்லாமல் யாரையும் குடிக்கச் சொல்லாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், கம்போடியாவின் வரம்பு 50. கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போகாது. சாதாரண மணல் வடிகட்டியை நம்பியும் அந்த நீரைக் குடிக்க முடியாது.

கழிப்பறையில் பூட்டையும், உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாணவிகள் 25 பேருக்கு ஒன்று என்பது அளவு. ஆசிரியர்களுக்கென்று பூட்டி வைத்ததை அதில் சேர்க்காதீர்கள்.

தேதியைச் சிங்கப்பூர் விடுமுறையை மட்டும் வைத்துக் குறிக்காதீர்கள். கம்போடியாவின் கல்வியாண்டு நவம்பரிலும் தொடங்கியிருக்கிறது, கொரோனாக் காலத்தில் ஜனவரியிலும் தொடங்கியது. பல பள்ளிகள் காலை, மாலை என இரு வேளையாக நடக்கின்றன. அரை நாளில்தான் ஒரு பிள்ளையின் படிப்பு முழுவதும். வரவேற்பு நடனத்துக்காக அதை நிறுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள்.

வழக்கமாகக் கட்டுமானத்துக்குத் திரட்டும் பணத்தில் பம்பு வாஷர், குளோரின், தொட்டிக்கான திருகுக்குழாய் ஆகியவற்றை அருகிலுள்ள சந்தைக் கடையிலேயே வாங்கிக் கொடுங்கள். சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோகும் பாகம் உடைந்தால் மாற்று கிடைக்காது. நீரோட்ட அளவு, சோதனை முடிவு, மாற்றிய பாகம், பொறுப்பாளர் ஆகியவற்றைக் கெமர் மொழியில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அதன் நகலை அடுத்து வரும் குழுவுக்கு, அவர்கள் நன்கொடை திரட்டத் தொடங்கும் முன்பே அனுப்புங்கள்.

அன்புடன்,
பள்ளிக் குடிநீர்ப் பணியாளர்கள்