காலி என்று சொல்லும் குழாய்

அன்பு மகளுக்கு,

ஆசிட் பிரிவில் ஷிஃப்ட் பொறுப்பு உனக்குத்தான் என்று நீ சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான் அதிகம் பேசவில்லை என்று உனக்கு வருத்தமாம். சொல்ல வேண்டியது போனில் அடங்காதும்மா, அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பயிற்சி வகுப்பில் சொன்னதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டாய். காரணத்தை மட்டும் ஒருதரம் நினைத்துப் பார். 98 சதவீத கந்தக அமிலம் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.84 கிலோ எடை. மேலே தண்ணீரை ஊற்றினால் அது உள்ளே போகாது, மிதக்கும். இரண்டும் தொட்டுக்கொள்ளும் அந்த மெல்லிய இடத்திலேயே முழுச் சூடும் கிளம்பி, தண்ணீர் கொதித்து, அடியில் இருக்கும் ஆசிட்டையும் தூக்கிக்கொண்டு முகத்துக்கு வரும். காரணம் தெரிந்தவர்களுக்கு விதி மறக்காது. அதோடு, வாளியை வைத்துச் சொன்ன விதிதான் குழாய்க்கும் தொட்டிக்கும் பம்புக்கும் பொருந்துகிறது என்பது புரியும். பலருக்கு அது புரிவதில்லை.

இத்தனை வருஷம் மெயின்டெனன்ஸ் வேலை பார்த்ததில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஆசிட் நிறைந்த தொட்டியிடம் எல்லோருக்கும் பயம் இருக்கிறது. பயம் இருப்பதால் ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள். அடிபடுவது 'காலி' என்று சொன்ன இடத்தில். வடித்தாகிவிட்டது என்ற குழாய், பட்டறைக்கு வந்த பழைய பம்ப், இறக்கி முடித்த டேங்கரின் ஹோஸ், கழுவ எடுத்த டிரம். இவற்றைத் தொடும்போது காகிள்ஸ் நெற்றிக்கு ஏறிவிடும், கையுறை பாக்கெட்டுக்குள் போய்விடும்.

காலி ஏன் காலி இல்லை என்று சொல்கிறேன். அடர்த்தியான ஆசிட் ஓடும் இரும்புக் குழாயின் உட்சுவரில் இரும்பு சல்ஃபேட் படியும். அந்தப் படலம்தான் குழாயைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் இவ்வளவு அரிக்கிற சரக்கைச் சாதாரண இரும்பில் வைக்க முடிகிறது. ஆனால் அந்தப் படலம் நாளடைவில் உதிர்ந்து, சேறாகித் தாழ்வான இடத்தில் போய் உட்காரும். தாழ்வான இடத்தில் இருப்பது எது? குழாயை வடிக்கத் திறக்கும் டிரெயின் வால்வு. ஆகவே "டிரெயினைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: குழாயில் ஒன்றும் இல்லை, அல்லது டிரெயின் அடைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கொஞ்சமாவது வந்து, பிறகு சொட்டி, பிறகு நின்றால் ஓரளவு நம்பலாம். துளியும் வரவில்லை என்றால் நான் நம்பமாட்டேன். மேலே வென்ட்டைத் திறந்து காற்று உள்ளே போக வழி விட்டார்களா என்றும் கேள். காற்று போகாவிட்டால் ஆசிட் இறங்காது.

பால் வால்வும், அதாவது உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பித் திறக்கும் வால்வும், இப்படித்தான். மூடிய நிலையில் அந்த உருண்டையின் வயிற்றுக்குள் ஆசிட் மாட்டிக்கொண்டிருக்கும். கழற்றி மேஜையில் வைத்து, கைப்பிடியை ஒரு திருப்புத் திருப்பியதும் கொட்டும். இரண்டு வால்வுகளுக்கு நடுவில் அடைபட்ட ஆசிட் வெயிலில் விரிந்து அழுத்தத்தோடு காத்திருக்கும். குளிர் பிரதேசம் என்றால் வேறு தொல்லை: 98 சதவீத ஆசிட் ஏறக்குறைய 3 டிகிரியிலேயே உறைந்துவிடும். காலையில் கட்டியாக இருந்தது மதியம் இளகி ஓடும்.

சரி, குழாயைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார். நல்ல ஃபிட்டர், இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையமான ஃபிளாஞ்சுக்கு நேர் எதிரே நிற்கமாட்டார், கீழேயும் நிற்கமாட்டார். காற்று வரும் பக்கமாக ஒதுங்கி நிற்பார். ஃபிளாஞ்சைச் சுற்றி ஆசிட் தாங்கும் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிடுவார். முதலில் ஸ்பேனர் போவது தனக்கு எட்டத்தில் இருக்கும் போல்ட்டுக்கு, தன் பக்கம் இருப்பதற்கு அல்ல. உள்ளே ஏதாவது இருந்தால் அந்தப் பக்கமாகவே சீறட்டும் என்றுதான். எந்த நட்டையும் முழுக்கக் கழற்றமாட்டார். ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, நடுவில் கசிவைத் தடுக்க வைத்த கேஸ்கெட்டில் மெல்ல இடைவெளி விழவைத்து, கை அசையாமல் நிற்பார். சொட்டுகிறதா, எவ்வளவு நேரம் சொட்டுகிறது என்று பார்ப்பார். நின்றபின் ஆப்பு வைத்து இன்னும் கொஞ்சம் திறப்பார். திரும்ப இறுக்க வேண்டி வந்தால் இறுக்கப் போல்ட் இருக்க வேண்டும் இல்லையா? துருப்பிடித்த போல்ட் வரவில்லை என்று வெல்டிங் டார்ச்சை எடுத்து வருகிறவரை அங்கேயே நிறுத்திவிடு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வேலை தொடங்க அனுமதி தரும் பர்மிட்டில் கையெழுத்துப் போடப்போவது நீ. 'லைன் டிரெய்ன்டு', அதாவது குழாய் வடித்தாயிற்று என்று எழுதி டிக் அடித்துக் கொண்டுவருவார்கள். யார் கண்ணால் பார்த்தது என்று கேள். போன ஷிஃப்ட்காரர் சொன்னார் என்றால் அது பார்த்ததாகாது. நடந்து போ, யாரும் திறக்காதபடி வால்வில் பூட்டும் எச்சரிக்கைச் சீட்டும் இருக்கிறதா பார், பிறகு கையெழுத்துப் போடு. "மேடம் சந்தேகப்படறாங்க" என்று முதல் மாதம் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இப்போது தொட்டி. காலி செய்த தொட்டியின் அடியில் கொஞ்சம் ஆசிட் எப்போதும் மிஞ்சும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாளாக நாளாக நீர்த்துப்போகும். இல்லையென்றால் யாராவது 'சும்மா ஒரு அலசு' என்று ஹோஸை விடுவார்கள். இரும்பு விஷயத்தில் நீர்த்த ஆசிட்தான் கொடியது. பாதுகாப்புப் படலம் கரைந்துபோய், இரும்பைத் தின்ன ஆரம்பித்து, ஹைட்ரஜனை வெளியே விடும். ஹைட்ரஜனுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, போய்ச் சேருவது தொட்டியின் மேல்மூடிக்கு அடியில். காற்றில் 4 சதவீதம் இருந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு பொறி போதும். டார்ச்சை நிறுத்தச் சொன்னது இதனால்தான். கழுவுவதாக இருந்தால் எழுதிவைத்த முறைப்படி, நிறையத் தண்ணீரில், காற்றோட்டத்தோடு, வாயு அளந்து, தொடங்கிய வேலையை முடித்துவிட வேண்டும். அரைகுறையாகக் கழுவி வைப்பதற்குக் கழுவாமலேயே மூடி வைக்கலாம்.

2001 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் டெலவேர் சிட்டியில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்ததைத் தேடிப் படி. அங்கே இருந்தது புது ஆசிட் அல்ல, பயன்படுத்தி முடித்த கந்தக அமிலம். அதில் எரியக்கூடிய ஹைட்ரோகார்பனும் கலந்திருந்தது. அரிப்பில் தொட்டியில் ஓட்டைகள் விழுந்திருந்தன. பரிசோதனை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மேலே நடைபாதையைச் சரிசெய்யும் வேலையில் கிளம்பிய பொறி உள்ளே இருந்த ஆவியைப் பற்றவைத்தது. தொட்டி அடித்தளத்திலிருந்து பிய்த்துக்கொண்டது. ஒரு தொழிலாளி இறந்தார், எட்டுப் பேருக்குக் காயம், ஆசிட் ஆறு வரைக்கும் போனது. அந்த நாட்டின் வேதிப்பொருள் விபத்து விசாரணை வாரியம் விரிவான அறிக்கை கொடுத்திருக்கிறது. பழைய ஆசிட் என்றால் பலம் போனது, பயம் வேண்டாம் என்ற நினைப்பு எங்கும் உண்டு. அந்த நினைப்போடு அந்த அறிக்கையைப் படித்துப் பார்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காகிள்ஸ் போட்டு, அதற்கு மேல் ஃபேஸ் ஷீல்டு. வெறும் ஷீல்டு போதாது, கீழிருந்து தெறிக்கும். பேன்ட் கம்பூட்டுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் வழிகிற ஆசிட்டை நாமே பூட்டுக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறோம். தோல் செருப்பு, பருத்திக் கையுறை எல்லாம் அடர்த்தியான ஆசிட்டின் முன்னால் ஒன்றுமில்லை. மெல்லிய நைட்ரைல் கையுறையும் அதற்கானதல்ல. எந்த ரப்பர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும், பார்த்து வாங்கச் சொல்.

ஆசிட் பட்டால் ஓடிப்போய் நிற்கும் அவசர ஷவர் விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. 98 சதவீத ஆசிட் பார்க்க எண்ணெய் போலத்தான் இருக்கும். மேலே பட்டதும் முதலில் வழவழப்பும் சூடும்தான் தெரியும். அந்த நேரத்தில் பலர் செய்வது, நின்று பார்ப்பது. பார்க்கக் கூடாது, ஓட வேண்டும். பத்து விநாடியில் போய்ச் சேரும் தூரத்தில் ஷவரும், கண்ணைக் கழுவும் ஐ வாஷும் இருக்க வேண்டும், வழியில் படியோ கதவோ கூடாது. கண் மூடியபடி தடவிக்கொண்டு வருகிறவருக்கு நடுவில் ஒரு டிரம் நின்றால் என்ன ஆகும் யோசித்துப் பார். தண்ணீருக்கு அடியில் நின்றபடியே உடுப்பைக் கழற்ற வேண்டும். கூச்சம் பார்ப்பார்கள், மறைக்க ஒரு திரையோ போர்வையோ அங்கேயே வைக்கச் சொல். தலையில் பட்டிருந்தால் தலை அலசி முடியும் வரை காகிள்ஸ் கண்ணிலேயே இருக்கட்டும். குறைந்தது 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீர். அங்கே நிற்கிறவருக்கு அது யுகமாகத் தோன்றும், குளிரும், போதும் என்பார். யாராவது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் மிகவும் சில்லென்று இருந்தால் 15 நிமிஷம் யாரும் நிற்கமாட்டார்கள். வெயிலில் கிடந்த பைப்பிலிருந்து வந்தால் கொதிக்கும். ஆகவே வெதுவெதுப்பாக வருகிறதா என்று கையை நீட்டிப் பார். சோடா உப்பைக் கரைத்துத் தடவுகிறேன் என்று யாராவது வந்தால் விலக்கிவிடு. சோடா உப்பு தரையில் சிந்தியதற்கு, தோலுக்குத் தண்ணீர்தான். அலசியபின் கட்டாயம் டாக்டர், கண் என்றால் போகிற வழியிலும் அலசிக்கொண்டே.

தரையில் சிந்தினால் முதலில் சாக்கடை வழியை அடைக்கச் சொல். உலர்ந்த மணல் போடலாம், மரத்தூள் கூடாது, கருகிச் சூடேறும். இன்னொன்று, இந்த ஆசிட் சாதாரண வெப்பத்தில் ஆவியாவதில்லை, மூக்குக்கு எட்டாது. வாசனை இல்லை என்பதால் இல்லை என்று நினைக்கக் கூடாது. சூடான இடத்திலும் தெறிக்கும் இடத்திலும் பனிமூட்டமாக மிதக்கும் நுண்துளிகள்தான் பல்லையும் தொண்டையையும் அரிக்கின்றன. அந்த மூட்டத்தை வேலையிடத்தில் சுவாசிப்பது புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1992லேயே வகைப்படுத்திவிட்டது. "எங்களுக்குப் பழகிவிட்டது" என்று சிரிக்கிற மூத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் சிரிக்கும்போது முன்பல்லைக் கவனி.

கான்ட்ராக்ட் ஆட்களை மறந்துவிடாதே. பெயின்ட் அடிக்கவும் குழாய் மாற்றவும் அன்றைக்குத்தான் வந்திருப்பார்கள். எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். காலையில் வேலை தொடங்கும் முன் அவர்களை ஷவர் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய், கைப்பிடியை அவர்களையே இழுக்கச் சொல். காட்டினால் போதாது, இழுக்க வேண்டும்.

அடுத்த முறை நாம் பேசுவதற்குள் உங்கள் ஆசிட் லைனில் டிரெயின் எங்கெங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்து வடித்துப் பார்த்தார்கள் என்று கேட்டு வைத்துக்கொள். லைன் படம் ஒன்று கையால் வரைந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. வால்வுகளை மட்டும் குறித்தால் போதும், மற்றதை நான் கேட்டுக்கொள்கிறேன். அம்மா தனியாக எழுதுகிறாளாம்.

அன்புடன்,
அப்பா