பேஸ்மென்ற் தந்த அன்ரிக்கும் மற்ற எல்லாருக்கும்

ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோ, மார்க்கம் உறவுகளுக்கு வணக்கம்.

போன ஞாயிறு எங்கள் படம் திரையேறிவிட்டது. அன்று வாசலில் நின்று கைகுலுக்கவே நேரம் போதவில்லை. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, படப்பிடிப்புக்குத் தன் வீட்டு பேஸ்மென்றை, அதுதான் நிலக்கீழ்த் தளத்தை, தந்த அன்ரிக்கு. ஹீற்றர் இரைச்சல் மைக்கில் விழுந்தால் வசனம் போச்சு. ஜனவரிக் குளிரில், ஒவ்வொரு காட்சிக்கும் "அன்ரி, நிப்பாட்டுங்கோ" என்று கீழிருந்து கத்துவோம். அவர் மேலே போர்வையைச் சுற்றிக்கொண்டு இருப்பார். ஃபிரிட்ஜையும் அணைத்தாக வேண்டும். ஒலிப்பதிவுத் தம்பி தன் கார்ச் சாவியை அதற்குள் வைத்துவிடுவான். சாவியை எடுக்கத் திறக்கும்போது ஃபிரிட்ஜைத் திரும்பப் போடும் நினைவு வருமாம். அன்ரியின் மீன்குழம்பு தப்பியது அவனால்தான்.

நடித்த எவருக்கும் நடிப்புத் தொழில் இல்லை. இரவு வேலை முடித்து நித்திரையில்லாமல் நேரே வந்த அண்ணையின் சிவந்த கண்களை, நல்ல மேக்கப் என்று பலர் பாராட்டினார்கள். அவருக்கும், மட்டக்களப்புப் பாத்திரத்தின் பேச்சை வரிவரியாகத் திருத்திய அக்காவுக்கும் நன்றி.

காசு? கனடா கலை மன்றம், ஒன்ராறியோ கலை மன்றம் எல்லாம் நிதி தருகின்றன. ஆனால் விண்ணப்பித்து முடிவு வரும்வரை கமராவுக்கு வாடகை கட்டுவது யார்? சீட்டில் என் முறைக்கு முன்னரே காசை எடுக்கவிட்டவர்கள்தான் கட்டினார்கள்.

எங்களுக்கு முன் நடந்தவர்களையும் சொல்லவேண்டும். லெனின் எம். சிவம் இங்கே ரொறன்ரோவில் எடுத்த 'எ கன் அன்ட் எ ரிங்' 2013இல் ஷாங்காய் சர்வதேசத் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் "படம் எடுக்கப் போறன்" என்றால் எங்கள் வீட்டில் "சரி, சாப்பிட்டிட்டுப் போ" என்றாவது சொன்னார்கள்.

மாலைக் காட்சிகளைச் சென்னைப் படங்கள் பிடித்துக்கொள்ள, எங்களுக்குக் கிடைத்தது காலைக் காட்சி. மரக்கறிக்கடைக் கவுண்டரில் பில்லோடு ரிக்கற்றையும் நீட்டியவர்களுக்கும், சாமத்தியவீட்டுக்குப் போகும் வழியில் பட்டுச்சேலையோடு வந்து படம் பார்த்தவர்களுக்கும் நன்றி.

அப்புறம், கல்யாணக் காட்சிக்கு இரவல் தந்த இரண்டு கூறைச்சேலைகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. உரியவர்கள் ஒருமுறை அழையுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.