ஒரு காது திறந்திருந்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருசக்கர வாகனம் ஓட்டும்போது ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு, "இன்னொரு காதுதான் திறந்திருக்கிறதே" என்று சமாதானம் சொல்லும் இளைஞர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து வலக்காதின் செவித்திறனை அடியோடு இழந்தவன் என்ற முறையில், இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

ஒற்றைக் காதுக்கும் ஹாரன் சத்தம் நன்றாகவே கேட்கும். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடாது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், நேர் வலப்புறத்தில் எழும் சத்தம் வலக்காதை எட்டிய பிறகு தலையைச் சுற்றிக்கொண்டு இடக்காதுக்குப் போய்ச் சேர, ஒரு நொடியைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஏறத்தாழ ஆறு கூறு நேரம் பிடிக்கிறது. இந்த அற்ப இடைவெளியைக் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. கீச்சென்ற ஒலிகளுக்கோ தலையே தடுப்பாக நிற்பதால், அப்புறத்துக் காதில் சத்தம் மங்கிவிடும்; அந்த ஏற்றத்தாழ்வும் திசையைக் காட்டிக்கொடுக்கும். தாழ்ந்த சுருதிக்கு நேர வேறுபாடு, உயர்ந்த சுருதிக்கு அளவு வேறுபாடு என்று இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு 1907ஆம் ஆண்டிலேயே இதை விளக்கியிருக்கிறார். முன்னாலா பின்னாலா என்பதை அறியக் காது மடலின் மடிப்புகளும் உதவுகின்றன. ஹெல்மெட்டுக்குள் அந்த உதவியும் குறைந்துவிடும் (அதற்காக யாரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டாம்). ஆகவே, வண்டி ஓட்டுபவருக்கு மிஞ்சுவது இரு காதுகளின் ஒப்பீடுதான். ஒன்றை அடைத்தால் அதுவும் போயிற்று. எல்லாச் சத்தமும் திறந்த காதின் பக்கமே கேட்பதுபோல் தோன்றும்.

நம் ஊரில் சாலையில் கால் வைத்ததும் முதலில் வண்டி வருவது வலப்பக்கம். எனக்குக் கேட்காத பக்கமும் அதுவே. சென்ற மாதம் கடைத்தெருவைக் கடக்கையில் ஹாரன் ஒலித்ததும் இடப்புறமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேன் வந்ததோ வலப்புறத்திலிருந்து. பூ விற்கும் அம்மா சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பல ஆண்டுப் பழக்கம் இருந்தும் என் நிலை இது என்றால், இன்று காலைதான் ஒரு காதை அடைத்துக்கொண்டு கிளம்பியவர் என்ன செய்வார்?

பழகுநர் உரிமம் பெற வருவோரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் கண்ணை மூடச் சொல்லி, ஒரு காதை விரலால் இறுக அடைக்கச் செய்து, கைதட்டல் வரும் திசையைச் சுட்டிக்காட்டச் சொல்லலாம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.