அலமாரியில் இருந்த குர்ஆனும் கத்தரித்த பைபிளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனின் வீட்டு நூலகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவர் வீட்டில் குர்ஆன் இருந்தது, ஆகவே அவருக்கு இஸ்லாத்தின் மேல் பெரிய மதிப்பு என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். இதற்கு நேர் எதிராக, எதிரியைத் தெரிந்துகொள்ளத்தான் அதை வாங்கினார் என்று ஒரு செய்தி போன வருடம் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. இரண்டு பேர் செய்வதும் ஒரே தவறு. அலமாரியில் ஒரு புத்தகம் இருக்கிறது என்பதற்காக வீட்டுக்காரர் மனசில் என்ன இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் புத்தகம் எப்போது வந்தது, எங்கே இருந்தது, பக்கத்தில் என்ன இருந்தது, யார் கைக்குப் போனது என்று பொறுமையாகத் தேடினால் நிறையவே தெரியவரும். முப்பத்தொரு வருடம் கல்லூரி நூலகராக இருந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அந்தக் குர்ஆன் அரபு மூலம் அல்ல, ஜார்ஜ் சேல் என்பவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. முதலில் 1734-இல் வந்தது, ஜெபர்சனிடம் இருந்தது 1764-இல் லண்டனில் அச்சான இரண்டு பாகப் பதிப்பு. அவர் அதை வாங்கியது 1765 அக்டோபரில், வில்லியம்ஸ்பர்க் ஊரில், சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதில். அது எப்படித் தெரியும் என்றால், அந்த ஊரின் வர்ஜீனியா கெஜட் பத்திரிகை அலுவலகத்தில் புத்தக வியாபாரமும் நடந்தது, அவர்கள் எழுதிவைத்த கணக்குப் புத்தகத்தில் அந்த விற்பனை இருக்கிறது. ஒரு கடைக்காரர் அன்றைக்கு எழுதிய ஒரு வரியை வைத்துக்கொண்டு இருநூற்றைம்பது வருடம் கழித்து நாம் பேசுகிறோம்! அப்புறம் 1770-இல் ஜெபர்சனின் பிறந்த வீடு தீப்பிடித்து அவருடைய புத்தகங்களும் காகிதங்களும் போயின. இன்று இருப்பது 1765-இல் வாங்கிய அதே பிரதிதானா, தீக்குப் பிறகு மறுபடி வாங்கியதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கட்டுரையில் இந்தச் சந்தேகத்தை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

புத்தகம் அவருடையதுதான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள் என்பது இன்னும் அழகான சங்கதி. பழைய அச்சுப் புத்தகங்களில் ஒவ்வொரு ஃபாரத்தின், அதாவது ஒரே தாளை மடித்து வரும் பக்கக் கட்டின், முதல் பக்கத்திலும் அடியில் ஓர் எழுத்து போட்டிருப்பார்கள், பைண்டர் வரிசை மாறாமல் சேர்ப்பதற்காக ஏ, பி, சி என்று போகும். அந்த வரிசையில் ஜே கிடையாது, ஐ தான் ஜேக்கும் சேர்த்து நிற்கும். ஜெபர்சன் என்ன செய்வாராம், ஐ என்று அச்சான ஃபாரத்துக்குப் போய் அதற்கு முன்னால் பேனாவால் ஒரு டி போடுவார், டி என்று அச்சான ஃபாரத்தில் அதற்குப் பின்னால் ஓர் ஐ அல்லது ஜே போடுவார். அவ்வளவுதான், தாமஸ் ஜெபர்சன். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் அட்டையை மாற்றிவிட்டாலும் உள்ளே அந்தச் சின்ன எழுத்து உட்கார்ந்திருக்கும். குர்ஆனிலும் அப்படித்தான்.

1814-இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீவைத்தபோது அதிலிருந்த நூலகமும் எரிந்தது. அதற்குப் பதிலாகத் தன் வீட்டுப் புத்தகங்களைத் தர முன்வந்தார் ஜெபர்சன். கட்டுரையில் இனாமாகக் கொடுத்தார் என்று வந்திருக்கிறது, அது சரியல்ல. 6,487 புத்தகங்களுக்கு 23,950 டாலர் கொடுத்து 1815-இல் அரசு வாங்கியது. அதுவும் சுலபமாக நடக்கவில்லை, 81-க்கு 71 என்ற ஓட்டில்தான் தேறியது. சைரஸ் கிங் என்ற உறுப்பினர், இந்த நூலகத்தில் நாத்திகப் புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று சபையில் சண்டை போட்டார். அதாவது அலமாரியை வைத்து ஆளை எடை போடுவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. கடைசியில் பத்து வண்டிகளில் புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன.

ஜெபர்சன் தன் புத்தகங்களை 44 அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருந்தார். சமயம் 17-ஆவது அத்தியாயம், அதை அவர் வைத்திருந்தது சட்டவியலுக்குக் கீழே. ஒவ்வொரு அத்தியாயத்துக்குள்ளும் அவர் மனசுப்படி ஒரு வரிசை இருந்தது. வாஷிங்டனில் இருந்த நூலகர் 1815-இல் பட்டியலை அச்சிடும்போது, தேட வசதியாக இருக்கும் என்று அத்தியாயத்துக்குள் எல்லாவற்றையும் அகரவரிசையில் மாற்றிவிட்டார். ஜெபர்சனுக்கு அது பிடிக்கவே இல்லை. பிறகு 1823-இல் நிக்கோலஸ் ட்ரிஸ்ட் என்பவர் பழைய வரிசைப்படி ஒரு கையெழுத்துப் பட்டியல் எழுதினார், அது எங்கோ கிடந்து, கண்டெடுக்கப்பட்டு 1989-இல்தான் அச்சானது. கிரேக்க, ரோமானியப் பழஞ்சமய நூல்களுக்கு அப்புறம், பைபிளுக்கு முன்னால் குர்ஆன் இருந்தது என்று இன்று நாம் சொல்வதே இந்த வரிசை கிடைத்ததால்தான். ஒரு சட்ட மாணவர் வாங்கிய புத்தகம், சட்டத்தின் கிளையாக நின்ற சமயப் பகுதியில், மற்ற சமய நூல்களுக்கு நடுவே. இவ்வளவுதான் தடயம் சொல்கிறது. இதற்கு மேல் மதிப்பு, வெறுப்பு எல்லாம் அவருடைய கடிதங்களில் தேட வேண்டியவை.

சில வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வாஷிங்டனில் அந்த நாடாளுமன்ற நூலகத்தில், காங்கிரஸ் நூலகம் என்பார்கள், இந்தப் புத்தகங்களைக் காட்சிக்கு வைத்திருந்ததைப் பார்த்தேன். 1851-இல் அங்கேயும் ஒரு தீ, ஜெபர்சன் புத்தகங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மிஞ்சியவற்றில் பச்சை நாடா வைத்திருந்தார்கள். அதே பதிப்பைத் தேடிப்பிடித்துப் புதிதாக வாங்கியவற்றில் பொன்னிற நாடா. இன்னும் கிடைக்காத புத்தகத்துக்கு அதன் இடத்தில் ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி, வெளியே தலைப்பு மட்டும். அந்த வெள்ளைப் பெட்டிகளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். இல்லாத புத்தகத்துக்கும் இடம் விட்டுவைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று அந்தக் கத்தரித்த பைபிள். ஜெபர்சன் 1820 வாக்கில், ஆங்கிலம், பிரெஞ்சு, கிரேக்கம், லத்தீன் என்று நான்கு மொழிப் புதிய ஏற்பாட்டிலிருந்தும் இயேசுவின் வாழ்க்கையையும் போதனைகளையும் மட்டும் வெட்டி எடுத்து, அற்புதங்களை விட்டுவிட்டு, பத்தி பத்தியாக ஒட்டி ஒரு புத்தகம் செய்தார். காகிதத்தில் இரண்டு பக்கமும் அச்சு இருக்கும் அல்லவா, அதனால் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வேண்டியிருந்தது. இதை அவர் ஊருக்குக் காட்டவில்லை, அவர் இறந்த பின் குடும்பத்தோடு இருந்துவிட்டது. 1886-இல் சைரஸ் ஆட்லர் என்ற மாணவர் பால்டிமோரில் ஜோஷுவா கோஹன் என்ற மருத்துவரின் சொந்த நூலகத்துக்குப் பட்டியல் போடுகிறார். எபிரேயப் புத்தகங்கள் நிறைந்த யூதர் வீட்டு நூலகம் அது. அதற்குள் வரிகள் வெட்டி எடுக்கப்பட்டு ஓட்டை ஓட்டையாக இரண்டு புதிய ஏற்பாடுகள், ஜெபர்சன் வெட்டியவை என்ற குறிப்போடு! அதைப் பழுதான பிரதி என்று ஒதுக்கிவைக்காமல், வெட்டியெடுத்த துண்டுகள் எங்கே என்று அந்த இளைஞர் வருடக்கணக்கில் தேடியிருக்கிறார். பிறகு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் என்ற அருங்காட்சியக நிறுவனத்தில் நூலகரானதும் 1895-இல் ஜெபர்சனின் கொள்ளுப்பேத்தியிடமிருந்து 400 டாலருக்கு அந்தப் புத்தகத்தை வாங்கிவிட்டார். 1904-இல் அரசே அதை 9,000 பிரதி அச்சிட்டது. ஓட்டை விழுந்த புத்தகத்தைத் தூக்கிப் போடாத ஒரு கை இல்லையென்றால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

இவ்வளவு அழுத்தி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த கல்லூரிக்கு 1988-இல் ஒரு வக்கீல் குடும்பத்தார் தங்கள் பெரியவருடைய புத்தகங்களை இரண்டு டெம்போ நிறையக் கொடுத்தார்கள். சட்டப் புத்தகங்களோடு தேவாரம், திருவாசகம், திவ்வியப் பிரபந்தம், திருவருட்பா, தமிழ் பைபிள், குர்ஆன் தமிழாக்கம் எல்லாம் இருந்தன. ஓரங்களில் பென்சில் குறிப்பு, நடுவில் கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து வைத்த அடையாளம், பைபிளுக்குள் ஒரு ரயில் டிக்கெட். தனியாக ஒரு அலமாரி கேட்டேன், இடம் இல்லை என்றார்கள். எண் போட்டு மற்ற புத்தகங்களோடு கலந்து அடுக்கச் சொன்னார்கள். பதிவேட்டில் 'நன்கொடை' என்று மட்டும் எழுதினோம், யார் கொடுத்தது என்று எழுதவில்லை. கிழிந்தவை பைண்டிங்குக்குப் போய் ஓரம் வெட்டுப்பட்டு வந்தன, பென்சில் குறிப்பும் வெட்டோடு போயிற்று. இரண்டாம் பிரதிகள் எடைக்குப் போயின. நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்க வேண்டும்.

பல வருடம் கழித்து அந்தப் பெரியவரின் பேரன் வந்தார். தாத்தாவின் திருவாசகத்தில் முன் அட்டையின் உட்பக்கம் அப்பா பிறந்த நாழிகை எழுதியிருக்குமாம், அதைப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு நாள் தேடினோம். நான்கு திருவாசகம் கிடைத்தது, நான்குக்கும் புது அட்டை.

உங்கள் வாசகர்களில் எத்தனையோ பேர் வீட்டில் இப்படித் தாத்தாவின், அப்பாவின் அலமாரிகள் இருக்கும். யாருக்காவது கொடுக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் ஒவ்வொரு தட்டையும் இருக்கிற வரிசையிலேயே போனில் படம் எடுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து முதல் பக்கம், உள்ளட்டை, நடுவில் கிடக்கும் சீட்டு எல்லாவற்றையும் எடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் பட்டியல் எழுதி, ஒரு நகலை நூலகத்தாரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், இன்னொன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் பதிவேட்டில் எழுதினால்தான் தருவோம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவர்,
கும்பகோணம்