டிவி கேபிளுக்கு 80 வெள்ளியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினியை டிவியில் மாட்டும் எச்டிஎம்ஐ கேபிளைச் சில கடைகளில் விற்கும் விதம் சரியில்லை. பத்து வெள்ளிக்குள் முடிகிற காரியத்துக்கு 70, 80 வெள்ளி வாங்குகிறார்கள், அதுவும் விவரம் கேட்கத் தயங்கும் மூத்தவர்களாகப் பார்த்து.

என் மாமனாருக்கு நடந்ததையே சொல்கிறேன். ஊரில் அவருடைய தங்கை பேத்திக்குக் கல்யாணம், யூடியூபில் நேரலை போட்டிருந்தார்கள். மடிக்கணினியை நடுவில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் எட்டி எட்டிப் பார்க்க முடியுமா? எங்கள் டிவி கொஞ்சம் பழசு, படம் நன்றாகத்தான் வரும், ஆனால் அதிலுள்ள யூடியூப் செயலி இப்போது திறப்பதில்லை. சரி, கேபிள் ஒன்று வாங்கினால் ஆயிற்று என்று மாமாவே கிளம்பிப் போனார். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் கண்ணாடி அலமாரியைத் திறந்து, "அங்கிள், உங்க டிவிக்கு இதுதான் பொருந்தும், தங்க முலாம், கலர் பளிச்சுன்னு இருக்கும்" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். 79 வெள்ளி 90 காசு. நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டி, உள்ளே கறுப்பு வெல்வெட், அதில் துணி உறை சுற்றிய கேபிள், கட்டைவிரல் தடிமன். எங்கள் டிவி சுவரில் மாட்டியது, பின்னால் இடுக்குதான். அந்தக் கேபிள் வளையவே மாட்டேன் என்றது. பலமாக அழுத்தினால் டிவியின் துளையே ஆட்டம் கண்டுவிடும் போலிருந்தது. கடைசியில் மேசை இழுப்பறையில் கிடந்த, பையனின் பழைய விளையாட்டுக் கருவியோடு வந்த ஒல்லிக் கேபிளை எடுத்து மாட்டினோம். அப்புறம் பக்கவாட்டில் இருந்த இன்னொரு துளையில் அந்தத் தடிக் கேபிளையும் எப்படியோ சொருகி, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். "ரெண்டும் ஒண்ணுதானே!" என்றார் அத்தை. ஒன்றேதான்.

அது ஏன் என்று கடைகளில் யாரும் சொல்வதில்லை. முன்பு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள கம்பி இருந்ததே, அதில் படம் ஏறி இறங்கும் மின்னலையாகப் போகும். கம்பி மோசமாக இருந்தால் நிறம் மங்கும், நிழல் விழும், கோடு ஓடும். அப்போது நல்ல கம்பிக்குக் காசு கொடுத்ததில் நியாயம் இருந்தது. எச்டிஎம்ஐ மின்னிலக்க முறை. படம் முழுவதும் பூஜ்யமும் ஒன்றுமாகப் போகிறது, டிவி அதைச் சரியாகப் படித்துவிட்டால் எந்தக் கேபிளில் வந்தாலும் படம் ஒரே படம்தான். படிக்க முடியாவிட்டால் திரையில் வெள்ளைப் பொட்டுகள் மின்னும், படம் இரண்டு நொடி கறுத்துப் போய்த் திரும்ப வரும், இல்லையென்றால் வரவே வராது. 'நிறம் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக' என்ற பேச்சுக்கே இடமில்லை. தபால்காரர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார் என்பதற்காகக் கடிதத்தில் இருக்கும் சேதி மாறிவிடுமா? தங்க முலாம் துருப் பிடிக்காது, அது உண்மை. ஆனால் மலிவான கேபிள் பலவற்றிலும் முனையில் மெல்லிய முலாம் இருக்கத்தான் செய்கிறது.

'உங்க டிவிக்கு இதுதான் பொருந்தும்' என்பதும் வெறும் பேச்சு. சோனி, பானசோனிக், பிலிப்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 2002 டிசம்பரில் இந்தத் தரத்தைக் கொண்டுவந்ததே எந்தக் கருவியையும் எந்த டிவியோடும் இணைக்கத்தான். வழக்கமான அளவுத் துளை என்றால் எல்லாவற்றிலும் அதே 19 ஊசிதான்.

இதற்காகக் கேபிள் எல்லாம் ஒன்று என்று சொல்லவில்லை. எவ்வளவு தகவலைத் தாங்கும் என்பதில் வித்தியாசம் உண்டு, பார்க்க வேண்டியதும் அதைத்தான். முழு எச்டி படம், அதாவது 1920-க்கு 1080 புள்ளிகள், நொடிக்கு 60 முறை போவதற்கு நொடிக்குச் சுமார் 4.5 கிகாபிட் (ஒரு கிகாபிட் என்றால் நூறு கோடி பூஜ்யம், ஒன்று) போதும். 'ஹை ஸ்பீட்' என்று போட்ட சாதாரணக் கேபிளே 10.2 வரை தாங்கும். முழு எச்டியைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே டிவியில் நொடிக்கு 60 முறை வேண்டுமானால் 18 கிகாபிட் தேவை, அதற்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்ற பெயரைப் பாருங்கள். 48 கிகாபிட் தாங்கும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' புது விளையாட்டுக் கருவி வைத்திருக்கும் பிள்ளைகளுக்குத்தான் வேண்டும், கல்யாண வீடியோவுக்கு வேண்டாம். இந்த இரண்டு மேல் வகைக்கும் பெட்டியில் சான்றிதழ் ஒட்டு இருக்க வேண்டும், கைபேசியால் வருடிப் பார்க்கலாம். 2.0, 2.1 என்ற எண்களெல்லாம் கருவிகளுக்கு உரியவை, கேபிளுக்கு அந்த எண்ணைப் போட்டு விற்கக் கூடாது என்பதே விதி. நம் கடைகளில் பாதிப் பெட்டியில் அந்த எண்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது!

விலை நியாயமாகவே ஏறுகிற இடம் நீளம். இரண்டு மீட்டருக்கு யோசிக்கவே வேண்டாம். வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் சோபா ஓரத்திலிருந்து சுவர் வழியாக ஓட்டினால் ஐந்து மீட்டர் வரலாம், அதையும் நல்ல செம்புக் கேபிள் பெரும்பாலும் தாங்கிவிடும். பத்து மீட்டர், அதுவும் 4கே என்றால்தான் ஒளியிழைக் கேபிளுக்குப் பணம் போடலாம். அதில் ஒரு முனை கணினிக்கு, மறு முனை டிவிக்கு என்று எழுதியிருக்கும், மாற்றிச் சொருகினால் படம் வராது.

இன்னொரு கூத்து கணினிப் பக்கத்துத் துளை. புது மடிக்கணினிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ துளையே இல்லை, நீள்வட்டமாக யூஎஸ்பி-சி மட்டும் இருக்கிறது. அதற்கு மாற்றி (அடாப்டர்) ஒன்று வாங்க வேண்டும், ஆனால் எல்லா யூஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது, சிலது சார்ஜ் போடவும் கோப்பு மாற்றவும் மட்டும்தான். துளைக்குப் பக்கத்தில் மின்னல் அடையாளமோ டிஸ்பிளேபோர்ட் அடையாளமோ இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கணினியின் விவரக் குறிப்பைப் பாருங்கள். ரொம்பப் பழைய கணினியில் விஜிஏ எனப்படும் நீல நிற 15 ஊசித் துளை இருந்தால் வெறும் கேபிள் உதவாது, சமிக்ஞையை மாற்றித் தரும் சிறு பெட்டி வேண்டும், அதிலும் 'விஜிஏ-யிலிருந்து எச்டிஎம்ஐ' என்று போட்டதா என்று கவனியுங்கள், எதிர்த்திசைப் பெட்டி பயன்படாது. கடைக்குப் போகும் முன் கணினியின் பக்கவாட்டையும் டிவியின் பின்பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

'விலை உயர்ந்த கேபிள் வாங்கியிருக்கலாமோ' என்ற சந்தேகம் வருவது பெரும்பாலும் மாட்டிய பிறகுதான். படம் வரவில்லையா, டிவி ரிமோட்டில் உள்ளீட்டு மூலத்தை மாற்றுங்கள், பிறகு விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையோடு 'பி'யை அழுத்தினால் இரண்டு திரையிலும் ஒரே படமா, டிவியில் மட்டுமா என்று கேட்கும். சத்தம் இன்னும் கணினியிலிருந்தே வந்தால், கீழே ஒலிபெருக்கிச் சின்னத்தைத் தட்டி டிவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையின் ஓரம் வெட்டுப்பட்டு, கீழ்ப் பட்டை பாதி தெரியாமல் போகிறதா, டிவியின் பட அளவு அமைப்பில் 'திரைக்குப் பொருத்து' என்ற பொருளில் ஒன்று இருக்கும், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. எழுத்து மங்கலாக, விளிம்பில் நிறம் பிசிறினாற்போல் தெரிந்தால் அந்த உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள், பல டிவிகளில் அதிலேயே சரியாகிவிடும். 300 வெள்ளிக் கேபிள் போட்டாலும் இதில் ஒன்றுகூடத் தானாகச் சரியாகாது.

சட்டம் கைகொடுக்குமா என்றால், பழுதான பொருளை விற்றால் 2012 செப்டம்பரிலிருந்து இங்கே சிங்கப்பூரில் லெமன் சட்டம் இருக்கிறது, பெட்டியில் போட்ட வேகத்தைக் கேபிள் தாங்காவிட்டால் அதைக் காட்டி மாற்றித் தரச் சொல்லலாம். ஆனால் நன்றாக வேலை செய்யும் கேபிளை எட்டு மடங்கு விலைக்கு விற்பதற்கு அது பொருந்தாது. மாமாவுக்கு ரசீது இருந்தது, பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்கள்.

சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் மூத்தவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், நல்ல காரியம். அங்கே பேச்சு பெரும்பாலும் கைபேசியைச் சுற்றியே இருக்கிறது. ஒரு பழைய டிவியும் மடிக்கணினியும் ஓரமாக வைத்து, கேபிளை அவர்கள் கையாலேயே சொருகிப் பார்க்க விட்டால் அரை மணி நேர வேலைதான். கூடவே தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம், எந்தத் துளைக்கு எந்தக் கேபிள் என்று படத்தோடு, அச்சடித்துக் கொடுத்தால் கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் யோசிக்கட்டும், உங்கள் பத்திரிகையும் அந்தப் படத்தை ஒருநாள் அரைப் பக்கத்துக்குப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்